பழுதான விளையாட்டு ஆடைகளும் நுகர்வோர் உரிமையும்: திருப்பூர் வட்டாரம்

பழுதான ஆடையை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்து, பணத்தையோ நல்ல ஆடையையோ கேட்டுப் பெறும் உரிமை இந்தியாவில் சட்டப்படி உறுதிசெய்யப்பட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு அடிப்படை. இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. டி-ஷர்ட், டிராக் பேன்ட், ஜெர்சி ஆகியவற்றைத் தைப்பவர்களே அவற்றை வாங்கி உடுத்துபவர்களாகவும் இருக்கும் திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில் இந்த உரிமையை அறிந்திருப்பது மிக முக்கியம்.

வட்டாரப் பின்னணி

இந்தப் பின்னலாடை வட்டாரத்தின் ஊர்களில் ஒன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள அவிநாசிபாளையம். அவிநாசி நகரம் வேறு. இந்த வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த ஒவ்வொரு பீஸும் செக்கிங் மேசைக்கு வருகிறது. ஏற்றுமதிச் சரக்கில், வாங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) முறைப்படி சில பெட்டிகளைத் திறந்து மாதிரி எடுத்துக் குறைகளை எண்ணுவார். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் சரக்கை ஏற்க மாட்டார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இவ்வளவு கண்டிப்பாக நடக்கும் சோதனையை, தன் பிள்ளைக்கு டிராக் பேன்ட் வாங்கும் தொழிலாளியும் கடையில் எதிர்பார்ப்பது நியாயமே.

எது குறைபாடு

தரத்திலோ அளவிலோ சட்டமோ ஒப்பந்தமோ கோருவதோ, விற்பவர் சொன்னதோ பொருளில் இல்லாவிட்டால் அது குறைபாடு என்கிறது சட்டம். விளையாட்டு ஆடைகளில் அடிக்கடி காணப்படுபவை:

முறுக்கு: சிங்கிள் ஜெர்சி துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தால், துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் ஏறி வரும்.

சுருக்கம்: பின்னால் சுருங்காதபடி துணியை முன்பே அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங்கைச் சரியாகச் செய்யாத பருத்தித் துணி முதல் துவைப்பிலேயே நீளம் குறையும்.

சாயம் விடுதல்: ஈரமான வெள்ளைத் துணியால் அக்குள், கழுத்துப் பகுதிகளில் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டும்.

அச்சு உரிதல்: சப்ளிமேஷன் அச்சில் சாயம் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் அது உரியக் கூடாது. ஹீட் டிரான்ஸ்ஃபர் முறையில் ஒட்டிய பெயரும் எண்ணும் சூடோ அழுத்தமோ போதாவிட்டால் ஓரத்தில் எழும்பும்.

தையல் விடுதல்: ஆடையை உள்பக்கம் திருப்பி, ஃபிளாட்லாக் தையலை இரு கையாலும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஊசி ஓரிடத்தில் தையலைத் தவறவிட்டிருந்தால், குனிந்து எழும்போது அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும்.

அளவு பொருந்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பவை குறைபாடு ஆகா. அவற்றுக்காகக் கடைக்காரர் மாற்றித் தருவது கடையின் விதியைப் பொறுத்தது. லேபிளில் உள்ள சலவைக் குறிப்பை மீறிப் பிளீச் போட்டோ கொதிநீரில் ஊறவைத்தோ கெடுத்த ஆடைக்கும் கடை பொறுப்பாகாது.

சட்டம் தரும் உரிமைகள்

பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள். எனவே “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும், பழுதான ஆடையின் விஷயத்தில் அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது.

பணம் கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் அல்லர். அவர் சம்மதத்துடன் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கும் வியாபாரி இந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டார்; அவருக்கு 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும் உண்டு.

பொட்டலமாக இல்லாமல் திறந்த நிலையில் விற்கும் ஆடையிலும் தயாரிப்பாளர் அல்லது பிராண்டு உரிமையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு விவரம், அளவு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதிகளில் 2022-இல் வந்த திருத்தம்.

செகண்ட்ஸ், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும், சிறு குறையுள்ள செகண்ட்ஸும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்ன குறை இருக்கிறது என்று சொல்லியே விற்ற பீஸுக்கு, அதே குறையைக் காட்டிப் பணம் கேட்பது கடினம். சொல்லாமல் மறைத்த வேறு குறைக்கு உரிமை அப்படியே இருக்கிறது. எதற்காக விலை குறைத்தார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

திருப்பிக் கொடுக்கும் முறை

குறை தெரிந்ததும் ஆடையை உடுத்துவதை நிறுத்தி, குறையுள்ள இடத்தையும் லேபிளையும் படமெடுக்க வேண்டும். பில்லுடன் கடைக்குச் சென்று, பணமா மாற்று ஆடையா என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். மறுத்தால் எழுத்து மூலம் கேட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கபடிக் குழுவுக்கோ பள்ளி அணிக்கோ செட்டாக ஜெர்சி தைக்கக் கொடுப்பவர்கள் துணி வகை, ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கான கிராம் எடை), அச்சு முறை, அளவுப் பட்டியல் ஆகியவற்றை ஆர்டர் தரும்போதே எழுத்தில் குறித்து, ஒப்புக்கொண்ட மாதிரி பீஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

இணையத்தில் வாங்கியிருந்தால், மின்வணிக விதிகள், 2020-இன்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆணையத்தில் வழக்கு

பேச்சில் தீராதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சென்னைக் கடை இணையம் வழியாக அனுப்பிய ஷார்ட்ஸுக்கு அவிநாசிபாளையத்தில் குடியிருப்பவர் திருப்பூரிலேயே வழக்குத் தொடுக்க முடியும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குறையானால், ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கை 45 நாட்களில் வர வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். குறையை நீக்குதல், பொருளை மாற்றித் தருதல், விலையை வட்டியுடன் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

திருப்பூர் ஆடைகளை வாங்கும் பிரிட்டனில், 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் பெறலாம். பழுதை நீக்கவோ பொருளை மாற்றவோ கேட்கும்போது, 6 மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லை என்று காட்டுவது விற்பவர் பொறுப்பு. இந்தியாவில் குறையை நிறுவும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் மேல் விழுகிறது. அதனால்தான் பில்லும் லேபிளும் படமும் இங்கே கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. நூற்றைம்பது ரூபாய் டி-ஷர்ட்டுக்குப் போய் யார் அலைவது என்று விட்டுவிடுவதும் இந்த உரிமை பயன்படாமல் கிடப்பதற்கு ஒரு காரணம். பில் கேட்டு வாங்கும் பழக்கம் பரவினால் பெரும்பாலான தகராறுகள் கடை வாசலிலேயே தீரும்.