கட்டற்ற துறைமுகத்தின் கடைத்தெரு

கரீபியன் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவின் நகரம் ஷார்லட் அமாலி. உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில் அந்நகரின் பெருந்தெரு முழுவதும் விடுமுறைப் பயணிகள். வைரம், கைக்கடிகாரம், வாசனைத் திரவியம், ரம் புட்டி, மேசைவிரிப்பு எனக் கடைதோறும் பொருள்கள் குவிந்திருக்கும். கடைகளோ அகலம் குறைந்தவை. உள்ளே செல்லச் செல்ல நீண்டுகொண்டே போகின்றவை. சுவர்கள் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். மோதிரம் விற்கும் இடத்திற்குக் கோட்டைச் சுவர் எதற்கு என்று விலை பேசும் அவசரத்தில் எவரும் வினவுவதில்லை. அவை கடைகளாகக் கட்டப்பட்டவை அல்ல. டேனிஷ் வணிகர்களின் சரக்குக் கிடங்குகள். கடல் அக்காலத்தில் அவற்றின் பின்வாசல் வரை வந்து நின்றது. தெருவின் பழைய பெயரும் டேனிஷ் மொழியில் அரசியின் தெரு என்பதே.

1672இல் டேனியர் இத்தீவில் குடியேறினர். ஊருக்கு முதலில் வழங்கிய பெயர் 'டாப்ஹுஸ்'. மதுக்கடை என்று பொருள். 1691இல் அரசியின் பெயரைச் சூட்டி அதற்கு மதிப்புத் தேடினார்கள். வாங்குவதும் விற்பதும் ஊரின் முதற்பெயரிலேயே இருந்தன என்பது நோக்கத்தக்கது. கரும்புக்கு ஏற்ற நிலம் அண்டைத் தீவான செயின்ட் குரோயில் இருந்தது. செயின்ட் தாமஸுக்கு வாய்த்தது நல்ல துறைமுகம். ஐரோப்பிய வல்லரசுகள் ஓயாது போரிட்ட அந்நூற்றாண்டில் டென்மார்க் பெரும்பாலும் நடுநிலை வகித்தது. எல்லாக் கொடிகளும் வந்து ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1764இல் ஷார்லட் அமாலி கட்டற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பொதிதோறும் புலிப்பொறி இட்டனர். இங்கே பொறியும் இல்லை, சுங்கமும் இல்லை. ஆனால் பொருளுக்குக் கட்டில்லை என்று அறிவித்த அதே துறையில் மனிதன் கட்டுண்டு கிடந்தான். டேனிஷ் கப்பல்கள் அட்லாண்டிக் கடல் வழியே ஏற்றிச் சென்ற ஆப்பிரிக்க அடிமைகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களை விலைக்கு வாங்கக் கினிக் கரையில் கொடுத்த பண்டங்களில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் உண்டு. புகாருக்குத் தெற்கே, 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து அத்துணி கோபன்ஹேகன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தது. நெய்தவன் அறியாத கணக்கு இது.

1792இல் பிறப்பித்த ஆணையால் டென்மார்க் 1803 முதல் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. அடிமைமுறையைத் தடை செய்யவில்லை. அதற்கு 1848 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள் செயின்ட் குரோயில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றபோது, ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் அவர்கள் விடுதலை பெற்றனர் என்று அறிவித்தார். துறைமுகம் கட்டவிழ்ந்ததற்கும் மனிதர் கட்டவிழ்ந்ததற்கும் இடையே எண்பத்து நான்கு ஆண்டுகள்.

பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. துறைமுகம் நிலக்கரி நிலையமாயிற்று. கரிக்கூடைகளைத் தலைச்சுமையாகக் கப்பலேற்றியவர்களில் பெண்கள் மிகப் பலர். மதிப்புக் குறைந்த அயல்நாட்டு வெள்ளிக்காசில் கூலி தந்ததை எதிர்த்து 1892இல் அவர்கள் வீதிக்கு வந்தனர். முன்நின்றவள் கோசையா என்பவள். இன்று கைக்கடிகாரங்கள் மின்னும் தெருக்களின் வரலாற்றில் அவளுக்கும் ஓர் இடமுண்டு.

1917 மார்ச் 31இல் இரண்டரைக் கோடி டாலருக்குத் தீவுகளே விலை போயின. வாங்கியது அமெரிக்கா. டென்மார்க்கில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தீவினரிடம் அதிகாரபூர்வமாக எவரும் கேட்கவில்லை. குடியுரிமை 1927இல்தான் கிடைத்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இன்றுவரை இல்லை. ஆனால் தீவு அமெரிக்கச் சுங்க எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது. பிந்தைய கடைத்தெருவின் செழிப்பு இதிலிருந்தே வருகிறது. 1959ஆம் ஆண்டுக் கியூபப் புரட்சிக்குப் பின் ஹவானாவின் கதவு அமெரிக்கருக்கு அடைபட, விடுமுறைக் கூட்டம் இப்பக்கம் திரும்பியது. பிற நாடுகளிலிருந்து திரும்பும் அமெரிக்கர் பொதுவாக 800 டாலர் வரை தீர்வையின்றிப் பொருள் கொண்டுசெல்லலாம். இத்தீவுகளிலிருந்து 1600 டாலர். கிடங்குகள் கடைகளாயின. இந்தியச் சிந்து வணிகக் குடும்பங்கள் பலவும் இங்கே கடை வைத்தன. மண்ணின் பொருள் என்று சொல்லத்தக்கவை சிலவே. அவற்றுள் ஒன்று 'பே ரம்' என்னும் நறுநீர். 1838இல் இங்கே மருந்துக்கடை திறந்த டேனியர் ரீஸ என்பவரால் புகழ்பெற்றது. மற்றவை எங்கிருந்தோ வந்து எங்கோ செல்பவை. தீவினர் உண்ணும் உணவின் பெரும்பகுதியும் கப்பலில் வருவதே. 2017 செப்டம்பரில், கைமாறிய நூற்றாண்டு நினைவு ஆண்டிலேயே, இர்மா, மரியா என்னும் இரு சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கியபோது அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கிற்று.

அரசியின் தெருவில் 14ஆம் எண் வீடு பிசாரோ குடும்பத்தாருடையது. ஓவியர் கமீல் பிசாரோ 1830இல் இத்தீவில் பிறந்தார். இரண்டாண்டு கழித்து இதே தீவில் பிறந்தவர் ஆப்பிரிக்க ஒருமைச் சிந்தனையின் முன்னோடி எட்வர்ட் வில்மட் பிளைடன். நிறத்தின் காரணமாக அமெரிக்க இறையியற் கல்லூரி இடம் மறுக்க, பிளைடன் லைபீரியா சென்றார். பிசாரோ தந்தையின் வணிகத்தில் சரக்குக் கணக்கராகத் துறைமுகத்தில் நின்றார். விடுதலை அறிவிக்கப்பட்ட நாளில் அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. கணக்கேட்டைவிடச் சித்திரத்தாளே அவருக்கு உகந்ததாயிருந்தது. 1852இல் டேனிஷ் ஓவியர் ஃபிரிட்ஸ் மெல்பியுடன் வெனிசுவேலா சென்றார். 1855இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்தபடி மறு ஆண்டு அவர் தீட்டிய ஓவியத்தில் கிடங்கும் இல்லை, சரக்கும் இல்லை. செயின்ட் தாமஸ் கடலோரப் பாதையில் இரு கறுப்பினப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.