கூடல் வீதிகள் – 23: தங்கம் இருந்த இடம்

மதுரையில் ஆட்டோ ஏறி "விளக்குத்தூண் போகணும்" என்றால் ஓட்டுநர் மறுகேள்வி கேட்க மாட்டார். தீபாவளி நெருங்கினால் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடும் அந்த முனையில் வேட்டி, சேலை, பாத்திரம் என்று வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களில் அந்தத் தூணை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. மதுரைக் கோட்டையை இடித்த ஆளுக்கு மதுரை மக்கள் நன்றியாக எழுப்பிய தூண் அது.

அவர் பெயர் பிளாக்பர்ன். 1830களிலும் 1840களிலும் மதுரை கலெக்டராக இருந்தவர். விசுவநாத நாயக்கர் காலத்தில் எழும்பிய கோட்டை, அப்போது ஊரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் கும்பினி ஆட்சி வந்த பிறகு அந்தக் காவலுக்கு வேலையில்லை. உள்ளே ஜனம் பெருகிவிட்டது. வெளியே அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்கள் அந்த மனையிலேயே வீடு கட்டிக்கொள்ளலாம் என்று பிளாக்பர்ன் அறிவித்தார். கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தரைமட்டமானது.

அந்த இடத்தில் வந்தவைதான் இன்று நாம் புழங்குகிற வெளி வீதிகளும், அவற்றுக்கு உள்ளே மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும். மாரட், நிலத்தை அளந்த சர்வேயர். பெருமாள், வேலையை நின்று பார்த்த மேஸ்திரி. கலெக்டருக்குத் தூண், சர்வேயருக்குத் தெரு, மேஸ்திரிக்கும் தெரு. ஒரு மேஸ்திரியின் பெயரை நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுகளாகத் தபால் முகவரியில் எழுதிக்கொண்டிருக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? எனக்கு இதில் நிஜமான பெருமை உண்டு.

இன்னொன்றும் செய்தார்கள். முழுவதையும் துடைத்தெடுக்கவில்லை. கோயிலுக்குக் கிழக்கே ஒரு பழைய வாசலை இடிக்காமல் விட்டார்கள். இடிக்காமல் விட்டதால் அதற்குப் பெயரே விட்டவாசல் ஆகிவிட்டது. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் அது என்பார்கள். மேற்கே பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாயக்கர் கோட்டையின் கொத்தளம் ஒன்று இன்னமும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கண்ணில் படாது. ஒருநாள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

இதையெல்லாம் இந்த வாரம் சொல்லக் காரணம், அதே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் நூறு ஆண்டு கழித்து எழும்பிய இன்னொரு கோட்டை. தங்கம் தியேட்டர்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி. தமிழ்நாடெங்கும் 'பராசக்தி' வெளியானது. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம், கலைஞர் வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். அதே நாளில் அதே படத்தோடு தங்கம் கதவு திறந்தது. இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று அன்று மதுரைக்காரர்கள் சொன்னார்கள், இன்றும் சொல்கிறோம். 'பராசக்தி' கதையில் கல்யாணி தாலி கட்டி வாழ்வதும் தாலி இழப்பதும் மதுரையில்தான். அந்தப் படத்தை மதுரையில் அத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

2,563 பேர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாலு ஆட்டமும் நிறைந்தால் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் அந்தத் தெருவுக்குள் வந்து போவார்கள். ஒரு ஆட்டம் விட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஆள் ஏறுகிற நேரத்தில் தெருவில் சைக்கிளைக்கூட உருட்ட முடியாது.

சித்தப்பாதான் என்னை அங்கே கூட்டிப்போவார். கவுண்டருக்குப் போகும் வழி, ஓர் ஆள் மட்டும் நுழைகிற சந்து. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் இரும்புக் கம்பி. முன்னால் நிற்பவரின் முதுகு வேர்வை என் கன்னத்தில் ஒட்டும். "கைய விட்றாதடா, விட்டா அடுத்த ஆட்டத்துலதான் பாக்கணும்" என்பார் சித்தப்பா. கவுண்டரில் கை நுழைகிற அளவுக்கு மட்டும் ஓர் ஓட்டை. அதற்குள் ஏற்கனவே மூன்று கைகள் இருக்கும். நாலாவதாகச் சித்தப்பாவின் கை போகும். வெளியே வரும்போது மணிக்கட்டில் சிராய்ப்பும் விரலுக்கிடையில் கசங்கிய டிக்கெட்டும் இருக்கும். கூட்டம் மிஞ்சிய நாட்களில் அவரும் பெண்கள் வரிசைப் பக்கம் போய், "அக்கா, எங்களுக்கும் ரெண்டு சேத்து எடுங்கக்கா" என்று கேட்டு நிற்பார். முன்பின் தெரியாத எந்த அக்காவும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

உள்ளே விளக்கு அணைந்ததும் தலைக்கு மேலே ஒளிக்கற்றை போகும். அதில் பீடிப்புகை சுருள் சுருளாக ஏறும். பாதிப் படத்தை நான் அந்தப் புகையைப் பார்த்தே கழித்திருக்கிறேன். இடைவேளையில் முறுக்கு, கலர், பத்துப் பைசாவுக்குப் பாட்டுப் புத்தகம். வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பாட்டையும் கத்திப் பாடினால்தான் படம் பார்த்து முடித்ததாகக் கணக்கு.

மதுரைக்குத் தங்கம் மட்டும் இல்லை. 1937இல் வந்த 'சிந்தாமணி' படம், எம்.கே. தியாகராஜ பாகவதரை வீட்டுக்கு வீடு கொண்டுபோன படம், மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்தது. அந்த லாபத்தில் கட்டிய தியேட்டருக்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். கீழவெளி வீதியில், அதாவது பழைய கோட்டை எல்லையில், 1939இல் எழுந்தது. ஒரு படம் தன் பெயரிலேயே ஒரு கட்டடத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் ரீகல். பகலில் நூலகம், சாயங்காலம் இங்கிலீஷ் படம். நூலகத்தில் பேப்பர் படித்துவிட்டு அப்படியே படத்துக்கு உட்கார்ந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

தங்கத்தை எது சாய்த்தது? எந்தக் கணக்கு அதைப் பெருமைப்படுத்தியதோ அதே கணக்குதான். வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, பிறகு வீடியோ கேசட், பிறகு கேபிள். ஐந்நூறு பேர் வந்தால் ஒரு சின்னத் தியேட்டர் களைகட்டும். தங்கத்தில் அதே ஐந்நூறு பேர் அங்கொருவர் இங்கொருவராகத் தெரிவார்கள். ஆனால் மின்விசிறி அத்தனையும் சுழல வேண்டும், கூரை அத்தனையையும் பராமரிக்க வேண்டும். ஊர் நடுவே அத்தனை பெரிய மனையின் விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1990களில் படம் ஓடுவது நின்றது. பல ஆண்டு பூட்டிக் கிடந்து, பிறகு இடிக்கப்பட்டு, இன்று அந்த இடத்தில் பல மாடி ஜவுளிக்கடை நிற்கிறது.

நடத்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நட்டத்தில் ஓடுகிற தியேட்டரைப் பொதுமக்களின் நினைவுக்காக நடத்து என்று யாரிடமும் கேட்க முடியாது. கடைக்காரரையும் குறை சொல்ல மாட்டேன், என் மகளுக்குக் கல்யாணச் சேலை எடுத்ததே அங்கேதான். எஸ்கலேட்டரில் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது, இந்த உயரத்தில்தான் பால்கனி இருந்திருக்குமோ என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன்.

"தங்கமா? நகை செக்சன் கீழ இருக்கு சார்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த வாசலில் ஒரு கல் இல்லை, ஒரு பலகை இல்லை, ஒரு பழைய புகைப்படம்கூட இல்லை. எனக்கு வலிப்பது இதுதான். அன்று கோட்டையை இடித்தவர்கள் ஊருக்கு நடக்கத் தெரு கொடுத்தார்கள், மேஸ்திரியின் பெயரை அதில் எழுதினார்கள், ஒரு வாசலையும் விட்டுவைத்தார்கள். நம் காலத்தில் இடித்தவர்கள் ஒரு செங்கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. கலெக்டரை விட, வெள்ளைக்காரனை விட, நாமே நம் ஊரிடம் கஞ்சத்தனமாக நடந்துகொண்டோம்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். பெரிய செலவு வேண்டாம். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு கல். 'தங்கம் தியேட்டர், 1952, இருக்கைகள் 2,563' என்று மூன்று வரி. கீழவெளி வீதியில் சிந்தாமணிக்கு ஒன்று. கடை உரிமையாளர்கள் மனம் வைத்தால் தங்கள் சுவரிலேயே பதித்துவிடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில், தங்கம் தியேட்டர் டிக்கெட்டோ பாட்டுப் புத்தகமோ வாசலில் நின்று எடுத்த புகைப்படமோ இருந்தால் தூசி தட்டி எடுத்து, எந்த ஆண்டு, யார் யார் போனீர்கள் என்று பின்பக்கம் எழுதிவையுங்கள். ஒரு நகலை இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். வருகிற எல்லாவற்றையும் பெயரோடு வெளியிடுகிறோம்.