ஒரே கண், இரண்டு சீட்டுகள்: கண்ணாடிப் பவரும் காண்டாக்ட் லென்ஸ் பவரும் பிரிந்த வரலாறு (ஆரணி நெசவாளரை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, பட்டுச் சேலையால் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது. சேலை தேறுமா என்பதைத் தீர்மானிப்பது கண். அறுந்த பாவு இழையைக் கண்டெடுத்து முடிச்சிடுவதும், ஜரிகைப் புட்டா வரிசை பிசகாமல் பார்ப்பதும் கண்ணின் வேலைகள். இப்படிப்பட்ட ஊரில் நாற்பதைத் தாண்டிய நெசவாளருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படுகிறது. படிக்கப் போன அடுத்த தலைமுறை காண்டாக்ட் லென்ஸை நாடுகிறது. “கண்ணாடிச் சீட்டு இருக்கிறதே, அதே பவரில் லென்ஸ் கொடுங்கள்” என்று கடையில் கேட்பது எங்கும் இயல்பு. அப்படிக் கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு விடை இரண்டு சீட்டுகளின் வரலாற்றில் இருக்கிறது. கண்ணாடிச் சீட்டு ஒளியை மட்டும் கணக்கிட்டு வளர்ந்தது. லென்ஸ் சீட்டு கண்ணின் உருவத்தையும் கணக்கில் எடுத்தது. பார்ப்பவரின் தொழில் இவை இரண்டிலுமே தானாக இடம்பெறுவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கண்ணாடிச் சீட்டு உருவான விதம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது. தென்னகத்தில் 1520 வாக்கில் விஜயநகரத்துத் துறவி வியாசராயர் கண்ணாடி அணிந்து நூல் வாசித்ததாகச் சோமநாதரின் ‘வியாசயோகி சரிதம்’ கூறுவதை ஆய்வாளர் பி. கே. கோடே எடுத்துக்காட்டியிருக்கிறார். அக்காலத்தில் சீட்டு என்று ஒன்று கிடையாது. பல கண்ணாடிகளைப் போட்டுப் பார்த்து, தெளிவாகத் தெரிவதை வாங்கிக்கொள்வதே வழக்கம்.

சீட்டுக்கு அடித்தளம் இட்டது 19ஆம் நூற்றாண்டு. 1825இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தம் இடக்கண்ணின் சிதறல்பார்வைக்கு உருளை வடிவக் கண்ணாடியைக் கணக்கிட்டுச் செய்வித்தார். இன்று ‘சிலிண்டர்’, ‘ஆக்சிஸ்’ என்று எழுதப்படும் இரண்டு எண்களும் இந்த வழியில் வந்தவை. 1862இல் ஸ்னெல்லன் எழுத்துப் பலகையை வெளியிட்டார். 1864இல் டோண்டர்ஸ், தூரப்பார்வைக் குறையும் வெள்ளெழுத்தும் வெவ்வேறு என்று தெளிவாக நிறுவினார்: முன்னது கண்ணின் ஒளிமுறிவுக் குறை, பின்னது வயதால் குவியத்தை மாற்றும் திறன் குன்றுவது. 1872இல் மோனுவாயே ‘டயாப்டர்’ அலகை முன்மொழிந்தார். ஒரு மீட்டரைக் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே டயாப்டர். அதன்பின் பவர் என்பது எந்த ஊர்க் கடையிலும் ஒரே பொருள் தரும் எண்ணாயிற்று.

இதே காலத்தில் இன்னொரு அளவும் கைக்கு வந்துவிட்டது. கருவிழியின் வளைவை அளக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850களில் உருவாக்கினார். 1881இல் ஜவால், ஷியோட்ஸ் இருவரும் அதை மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றினர். ஆனால் கருவிழியைத் தொடாத கண்ணாடிக்கு அந்த வளைவு எண் தேவைப்படவில்லை. அதனால் கண்ணாடிச் சீட்டில் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

கண்ணைத் தொட்ட லென்ஸ்

1888இல் சூரிச்சில் அடோல்ஃப் ஃபிக் கண்ணின் மேல் பொருத்தும் கண்ணாடி லென்ஸைப் பற்றி எழுதினார். முயல்களிலும் பிறகு தம் கண்ணிலும் பொருத்திப் பார்த்த பின்பே நோயாளிகளிடம் சென்றார். அதே ஆண்டில் பாரிஸில் யூஜீன் கால்ட் கூம்புவிழி நோய்க்கு இம்முறையைக் கையாண்டார். மறு ஆண்டு கீல் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் மியூல்லர், கடுமையான கிட்டப்பார்வை கொண்ட தம் கண்ணுக்கே லென்ஸ் செய்து ஆய்வேடு எழுதினார். வெண்விழிவரை மூடிய அந்தக் கனத்த கண்ணாடியை நெடுநேரம் அணிய முடியவில்லை. பவர் சரியாக இருந்தும் பொருத்தம் சரியாக இல்லை. லென்ஸுக்கு இன்னொரு அளவு வேண்டும் என்பது இங்கே வெளிப்பட்டது.

புடாபெஸ்ட்டின் யோசப் டாலோஸ் உயிருள்ள கண்ணிலிருந்தே அச்செடுத்து லென்ஸ் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். 1948இல் கெவின் டூஹி கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸை உருவாக்கினார். மில்லிமீட்டரில் எழுதும் அடிவளைவு (லென்ஸின் உட்புற வளைவு), விட்டம் ஆகியவற்றின் நுணுக்கம் இதனால் கூடியது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் வேதியியலர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் மெர்க்கூர் விளையாட்டுப் பாகங்களைக் கொண்டு வீட்டில் அமைத்த இயந்திரத்தில் மென்மையான லென்ஸை வார்த்தார். 1971இல் பாஷ் அண்ட் லோம் நிறுவனத்தின் மென்லென்ஸுக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் லென்ஸ் தொழிற்சாலையில் குறிப்பிட்ட அளவுகளில் வரும் பொருளாயிற்று. பிராண்டின் பெயரும் சீட்டில் ஏறியது.

சீட்டுகள் பிரியும் இடங்கள்

முதலாவது, தூரம். கண்ணாடி கருவிழியிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழியின் கண்ணீர்ப்படலத்தின் மேல் அமர்கிறது. இந்தச் சிறு இடைவெளி பவரை மாற்றுகிறது. கண்ணாடியில் −3.00 என்றால் லென்ஸில் −2.90, இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. −6.00 என்றால் லென்ஸில் சுமார் −5.60, −8.00 என்றால் −7.30. தூரப்பார்வையில் கணக்கு எதிர்த்திசையில் செல்லும்: +6.00 கண்ணாடிக்குச் சுமார் +6.50 லென்ஸ் வேண்டும். ஆகவே 4 டயாப்டரைத் தாண்டினால் மாற்றிக் கணக்கிடுவது நடைமுறை.

இரண்டாவது, சிலிண்டர். −6.00 பவரோடு −2.00 சிலிண்டர் உள்ள கண்ணில் ஒரு திசையில் −6, செங்குத்தான மறுதிசையில் −8. இரண்டையும் தனித்தனியே மாற்றினால் −5.60, −7.30 என்றாகி, சிலிண்டர் 1.70 ஆகக் குறைகிறது. கடையில் கிடைக்கும் அளவுகளில் அருகில் இருப்பது −1.75. கெட்டி லென்ஸானால் அதற்கும் கருவிழிக்கும் இடையே தேங்கும் கண்ணீரே கருவிழியின் சிதறலைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும். மென்லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே ஏற்பதால் அதில் இந்த உதவி இல்லை. சிலிண்டர் கொண்ட தனி லென்ஸ் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பொருத்தம். அடிவளைவு, விட்டம், பொருள், பிராண்டு, மாற்ற வேண்டிய கால அளவு ஆகியவை லென்ஸ் சீட்டுக்கே உரியவை. கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் பிரிசமும் கண்ணாடிச் சீட்டுக்கு உரியவை. லென்ஸ் கண்ணோடு சேர்ந்து நகர்வதால் அதற்குக் கண்மணித் தூரம் வேண்டாம். கண்ணில் லென்ஸைப் போட்டு, இமைக்கும்போது எவ்வளவு அசைகிறது என்று பார்த்த பிறகே லென்ஸ் சீட்டு நிறைவு பெறும்.

இந்தப் பிரிவைச் சட்டமும் ஏற்றது. அமெரிக்காவில் கண்ணாடிச் சீட்டுக்கான விதி 1978இல் வந்தது. காண்டாக்ட் லென்ஸுக்கு 2003இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. பவர், அடிவளைவு, விட்டம், உற்பத்தியாளர் அல்லது பொருள், காலாவதித் தேதி ஆகியவை லென்ஸ் சீட்டில் இடம்பெற வேண்டும்.

தறியின் தூரம்

வெள்ளெழுத்துக்கான கூடுதல் பவர் பெரும்பாலும் 40 செ.மீ. வாசிப்புத் தூரத்தை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. 40 செ.மீ.க்கு 2.50 டயாப்டர் வேண்டும்; 50 செ.மீ.க்கு 2.00, 33 செ.மீ.க்கு 3.00. ஊடை விழும் இடம், அறுந்த இழை, எதிரே நீளும் பாவு எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. புத்தகத்துக்கு எழுதிய கண்ணாடி தறிக்கு முழுதாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கிட்டப்பார்வை உள்ள நெசவாளருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. −6.00 கண்ணாடி அணிந்தவரின் கண் 40 செ.மீ. தூரத்தைப் பார்க்கச் செலவிடும் முயற்சி சுமார் 2.1 டயாப்டர். அதே கண் லென்ஸுக்கு மாறினால் சுமார் 2.4. இருபது வயதில் இது தெரியாது. நாற்பதை நெருங்கும்போது மாறினால், நேற்றுவரை தெரிந்த இழை இன்று மங்கும். பவர் தவறு என்று சீட்டைக் குறை கூறுவார். சீட்டு சரியே, மாறியது லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரம்.

நெசவுச் சமூகங்களின் பார்வைக் குறைகளைப் பற்றி ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2013இல் வெளியாகியிருக்கிறது. 2018இல் வெளியான அசாம் தேயிலைத் தொழிலாளர் ஆய்வில், வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதற்கே இவ்வளவு என்றால், பட்டிழையைப் பார்ப்பவருக்குச் சரியான கண்ணாடி ஒரு தொழிற்கருவி என்பதில் ஐயமில்லை.

தமிழகத்தின் பங்கு

1819இல் சென்னையில் தொடங்கிய கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்குப் பின் உலகின் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 1976இல் மதுரையில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயா எழுந்தது. 1985இல் அதன் எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி தொடங்கியது. கண் முகாம்கள் கண்ணாடிச் சீட்டைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றன. லென்ஸ் பொருத்தத்துக்கு மீண்டும் மீண்டும் பரிசோதனை தேவைப்படுவதால், அதை ஒருநாள் முகாமில் முடிக்க முடியாது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும் என்ற நிலைக்கு இது வழியமைக்கும்.

முடிவுரை

ஏரி முதல் மோனுவாயே வரையிலான உழைப்பு, எங்கும் செல்லுபடியாகும் எண்ணைத் தந்தது. ஃபிக் முதல் விக்டர்லே வரையிலான உழைப்பு, அந்த எண் மட்டும் போதாது என்று காட்டியது. ஆகவே கண்ணாடிச் சீட்டை வைத்துக் கடையிலோ இணையத்திலோ லென்ஸ் வாங்கக் கூடாது. பரிசோதனைக்குச் செல்லும் நெசவாளர், தம் தறியில் கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு போக வேண்டும். லென்ஸ் அணிபவர், சாயப்பட்டறை ஆவியும் குழாய்த் தண்ணீரும் லென்ஸில் படாமல் காக்க வேண்டும். ஆரணியில் கண் முகாம் நடத்துவோர், சீட்டில் ‘தொழில்’, ‘வேலைத் தூரம்’ என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்தால், 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் குறை ஒன்று இங்கேயே தீரும்.