மூன்று நிர்வாகம், ஒரே தீ: சீனக்குடாவும் தீ எச்சரிக்கை வலையமைப்பும்

1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களில் ஒன்று சீனக்குடா எண்ணெய்க் குதமொன்றின் மீது மோதியது. அந்தக் குதம் ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது.

பிரித்தானியர் அமைத்த அந்தத் தொகுதியில் 99 குதங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீட்டர் கொள்ளளவு கொண்டது. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61 எனக் குதங்கள் பிரிக்கப்பட்டன. ஆனால் தீ எல்லை பார்த்துப் பரவுவதில்லை. இத்தகைய இடங்களில் தீ எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைப்பது அதனால்தான் அவசியம்.

எப்படி இயங்குகிறது?

புகை, வெப்பம், தீச்சுவாலை ஆகியவற்றை உணரும் கருவிகள் அந்தந்தப் பகுதியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் அனுப்பும். பெட்டிகள் தனித்தனியே இருந்தால் பம்பி அறையில் பிடித்த தீ பம்பி அறைக்கு மட்டுமே தெரியும். இணைத்திருந்தால் எந்த இடத்தில் தீ என்பது எல்லாப் பெட்டிகளிலும் உடனே தெரியும். வால்வை மூடுவது, நுரைப் பம்பியை இயக்குவது, மற்றப் பகுதிகளில் சங்கு ஒலிப்பது போன்றவற்றையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைக்கலாம்.

கேபிள் அறுந்தால்?

பெட்டிகளை வளையமாக இணைப்பார்கள். ஓரிடத்தில் கேபிள் அறுந்தால் தகவல் மறுபக்கத்தால் சுற்றிப் போகும்; பழுது என்று தனி விளக்கும் எரியும். முழு வலையமைப்பும் செயலிழந்தாலும் ஒவ்வொரு பெட்டியும் தன் பகுதியைத் தனியாகக் காக்க வேண்டும். தூர இணைப்புகளுக்கு ஒளியிழைக் கேபிள் நல்லது. மின்னல் தாக்கினால் அதனூடாக மின்சாரம் பாயாது. மின்வெட்டுக்கு மின்கலமும் தேவை. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 நியமம் 24 மணி நேரத்துக்கான சேமிப்பைக் கேட்கிறது.

இணைப்பு மட்டும் போதாது

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் ஒரு குதம் நிரம்பி வழிந்தது. மட்டம் காட்டும் கருவி இறுகி நின்றிருந்தது. அதற்கு மேலாக இருந்த பாதுகாப்பு ஆளியும் இயங்கவில்லை. வெடிப்பைத் தொடர்ந்து 20க்கும் மேற்பட்ட குதங்கள் எரிந்தன. 43 பேர் காயமடைந்தனர். கருவி உணராவிட்டால் வலையமைப்புக்குச் சொல்ல எதுவும் இராது. அதனால் ஒழுங்கான பரிசோதனை முக்கியம்.

ஊருக்கும் தெரிய வேண்டும்

செல் சத்தத்தைக் கேட்டுப் பங்கருக்குள் ஓடிப் பழகிய மக்கள் வாழும் மாவட்டம் இது. முன்னறிவித்தல் இல்லாமல் ஒலிக்கும் சங்கு பலரைக் கலங்கடிக்கும். எந்தச் சத்தம் பரிசோதனை, எந்தச் சத்தம் வெளியேறச் சொல்வது, எந்தப் பாதையால் போவது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மூன்று நிர்வாகங்களின் பெட்டிகளும் பேசிக்கொள்கின்றனவா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடம் கேட்பது சுற்றியுள்ள ஊரவர்களின் உரிமை.