மலைக்காற்றிலிருந்து தாம்பரத்திற்கு: உயிர்வளிக் குறைவுப் பயிற்சியின் முன்வரலாறு

உயிர்வளி குறைந்த சூழலில் செய்யும் உடற்பயிற்சி செல்களின் முதுமையைத் தாமதப்படுத்துமா என இன்று ஆராயப்படுகிறது. இத்தகைய வினாவிற்குக் காசநோய் மருத்துவத்தில் ஒரு முன்வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரெமர், காற்றழுத்தம் குறைந்த மலைப்பகுதியில் படிப்படியாக நடைப்பயிற்சி மேற்கொண்டால் இதயம் வலுப்பெற்று நோய் தணியும் எனக் கருதி, கெர்பர்ஸ்டோர்ஃபில் சானடோரியம் நிறுவினார். அவரிடம் பயின்ற டெட்வைலரோ ஓய்வையே வலியுறுத்தினார்.

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திய மருத்துவர் சௌரிமுத்து, 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அதனை அரசு ஏற்றது. கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த இச்சமவெளியில் உயிர்வளிக் குறைவு இல்லை. மலையுயரம் இன்றியும் இம்மருத்துவம் இயலும் என்னும் நிலைப்பாட்டின் சான்றாகத் தாம்பரத்தைக் கொள்ளலாம்.

எனினும் காற்று, ஓய்வு, உணவு ஆகியவை சேர்த்தே அளிக்கப்பட்டமையால் எதன் பயன் எது எனப் பிரித்தறிய இயலவில்லை. சென்னைக் காசநோய் வேதிமருத்துவ மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு வழிகாட்டியது. நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, வீட்டிலும் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டில் உணவும் ஓய்வும் குறைந்திருந்தும் விளைவுகள் ஏறத்தாழ ஒத்திருந்தன. பயன் மருந்தினுடையது என்பது தெளிவாயிற்று.

செல் முதுமை ஆய்விற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அதே பயிற்சியை இயல்பான காற்றில் செய்வோருடன் ஒப்பிடாதவரை, பயன் உயிர்வளிக் குறைவினுடையதா, பயிற்சியினுடையதா எனத் துணிதல் இயலாது.