வைட்டமின் டி ஏற்பி மரபணு: மாறுபாடுகள் நோயைக் கணிக்குமா? ஆய்வுகள் கூறுவது என்ன?

உமிழ்நீர் மாதிரியைக் கொண்டு வைட்டமின் டி தொடர்பான மரபணு வகையைக் கண்டறிந்து, எலும்புத் தேய்மானம் முதல் நோய் எதிர்ப்புத் திறன் வரை கணித்துக் கூறுவதாக விளம்பரம் செய்யப்படும் பரிசோதனைகள் பெருகி வருகின்றன. இவற்றில் அடிக்கடி இடம்பெறுவது 'விடிஆர்' எனப்படும் வைட்டமின் டி ஏற்பி மரபணு. இதன் மாறுபாடுகள் உண்மையில் எந்த அளவுக்கு உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன என்பது குறித்து விரிவாகக் காண்போம்.

ஏற்பியின் பணி என்ன?

சூரிய ஒளியால் தோலில் உருவாகும் வைட்டமின் டி, முதலில் கல்லீரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து கால்சிட்ரியால் என்னும் செயல்திறன் மிக்க ஹார்மோனாகிறது. இந்த ஹார்மோன் தனித்துச் செயல்படுவதில்லை. செல்களில் உள்ள ஏற்பிப் புரதத்துடன் இணைந்த பிறகே நூற்றுக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதும் இதன் வழியாகவே நடைபெறுகிறது. இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு 12-ஆவது குரோமோசோமில் அமைந்துள்ளது.

பரவலான நான்கு மாறுபாடுகள்

ஃபோக்-1, பிஎஸ்எம்-1, அபா-1, டாக்-1 ஆகிய நான்கு மாறுபாடுகளே அதிகம் ஆராயப்பட்டவை. அவற்றைக் கண்டறியப் பயன்பட்ட, பாக்டீரியாக்களிலிருந்து பெறப்பட்ட நொதிகளின் பெயர்களே இவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளன. இவற்றுள் ஃபோக்-1 மட்டுமே புரதத்தின் அமைப்பை மாற்றுகிறது. ஒரு வகையில் 427 அமினோ அமிலங்கள் கொண்ட புரதமும், மற்றொரு வகையில் 424 அமினோ அமிலங்கள் கொண்ட, சற்றே கூடுதல் செயல்திறனுடைய புரதமும் உருவாகின்றன. மற்ற மூன்றும் புரதத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. இவை கோடிக்கணக்கானோரிடம் இயல்பாகக் காணப்படுபவை, நோய்கள் அல்ல.

எலும்பு அடர்த்தி: எழுந்த நம்பிக்கையும் திருத்தமும்

எலும்பு அடர்த்தியில் மரபு சார்ந்த வேறுபாட்டில் 75 சதவீதம் வரை இந்த ஒரு மரபணுவால் விளக்க முடியும் என்று 1994-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் அறிவித்தது பெரும் கவனம் பெற்றது. எனினும், மரபணு வகையைக் கண்டறிந்ததில் நேர்ந்த பிழைகளைச் சுட்டி, 1997-இல் அதே இதழில் திருத்தம் வெளியிடப்பட்டது. பின்னர் 26,242 பேரின் தரவுகளைக் கொண்டு 2006-இல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வில், மேற்கண்ட நான்கு மாறுபாடுகளுக்கும் எலும்பு அடர்த்தி அல்லது எலும்பு முறிவுக்கும் தொடர்பு இல்லை எனத் தெரியவந்தது.

காசநோயுடன் தொடர்பு உண்டா?

லண்டனில் வசிக்கும் குஜராத்தி வம்சாவளியினரிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஆய்வு, வைட்டமின் டி குறைபாடும் சில ஏற்பி மாறுபாடுகளும் சேர்ந்திருப்பதைக் காசநோயுடன் தொடர்புபடுத்தியது. லண்டனில் காசநோயாளிகளுக்கு வழக்கமான மருந்துகளுடன் அதிக அளவு வைட்டமின் டி வழங்கப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. டாக்-1 மாறுபாட்டின் ஒரு குறிப்பிட்ட வகையைக் கொண்டிருந்தவர்களின் சளியிலிருந்து மட்டும் கிருமி விரைவாக நீங்கியது. தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்விலும், வைட்டமின் டி சேர்ப்பதால் கிருமி நீங்கும் காலம் குறையவில்லை. எனவே, மரபணு வகையை வைத்துக் காசநோய் சிகிச்சையை மாற்றுவது வழக்கமான நடைமுறையாகவில்லை.

அரிதான, ஆனால் தீவிரமான பிறழ்வு

இயல்பான மாறுபாடுகளிலிருந்து முற்றிலும் வேறானது, ஏற்பியைச் செயலிழக்கச் செய்யும் மரபணுப் பிறழ்வு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைக்குப் பரம்பரை ரிக்கெட்ஸ் நோய் ஏற்படுகிறது. இத்தகைய பிறழ்வு முதன்முதலில் 1988-இல் கண்டறியப்பட்டது. நெருங்கிய உறவில் திருமணம் செய்துகொண்டோரின் குழந்தைகளுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல்.

கால்கள் வளைதல், வளர்ச்சி குன்றுதல், ரத்தத்தில் கால்சியம் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பல குழந்தைகளுக்குத் தலைமுடியும் முற்றிலும் உதிர்ந்துவிடும். வழக்கமான அளவில் வைட்டமின் டி கொடுத்தும் பயன் கிட்டாது. ரத்தத்தில் கால்சிட்ரியால் அளவு மிகுந்தே காணப்படும். அதிக அளவில் கால்சியம் வழங்குவதன் மூலம், தேவைப்படின் ரத்தநாளம் வழியாகவும் செலுத்தி, எலும்புகளைச் சீராக்க முடியும். வைட்டமின் டி மருந்துக்குப் பின்னரும் ரிக்கெட்ஸ் குணமாகாத குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே சிகிச்சையின் திசையை மாற்றக்கூடியது.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியவை

ரத்தப் பரிசோதனை உடலில் உள்ள வைட்டமின் டி அளவைக் காட்டுகிறது. ஏற்பி மரபணுப் பரிசோதனை அந்த அளவைக் காட்டுவதில்லை. குறைபாடு உள்ளதா என்பதை அறிய ரத்தப் பரிசோதனையே உதவும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு வைட்டமின் டி தேவை. மரபணு அறிக்கையை மட்டும் நம்பி அதிக அளவு மாத்திரைகளை உட்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் மிகுந்து, சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். ஆகவே, மருந்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.