நோவும் இலாபமும்

மருந்தின் துர்ப்பிரயோகம் என்றதும், வைத்தியர் சொன்ன அளவை மீறிக் குளிகை விழுங்கும் நோயாளியின் முகமே நம் கண்முன் தோன்றுகிறது. குற்றவாளி யாரென்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு எழுதப்படும் வரலாறு அரை வரலாறேயாகும். ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் நடந்தேறியதை நோக்குவோம்.

மேற்கு வேர்ஜீனியா, கென்டக்கி முதலிய அப்பகுதிகள் நிலக்கரிச் சுரங்கங்களாற் பெயர்பெற்றவை. குனிந்து உழைத்து முதுகு நைந்தவன் மறுநாளும் சுரங்கத்துள் இறங்கவேண்டும். இறங்காவிடிற் கூலி இல்லை. ஓய்வெடுக்க வழியற்ற இடத்தில், நோவை மறக்கச் செய்யும் குளிகைக்கு என்றும் தேவையுண்டு. 1996ஆம் ஆண்டு பேர்டியூ பார்மா என்னும் கம்பனி நாடெங்கும் விற்கத் தொடங்கிய ஒக்சிகொண்டின், இம்மலைநாட்டில் வெகுவேகமாகப் பரவிற்று.

அபினினத்தைச் சேர்ந்த அம்மருந்து பன்னிரண்டு மணிநேரம் சிறிது சிறிதாக உடலிற் சேருமென்றும், ஆதலால் அதற்கு அடிமைப்படும் அபாயம் மிகக் குறைவென்றும் கம்பனியின் விற்பனையாளர் வைத்தியர்களுக்குப் போதித்தனர். குளிகையை நசுக்கினாலோ மருந்து முழுவதும் ஒரே வேளையில் இரத்தத்திற் கலந்துவிடும். இதனைக் கண்டுகொள்ள எவருக்கும் விஞ்ஞானப் பயிற்சி தேவைப்படவில்லை.

அவர்கள் காட்டிய ஆதாரங்களுள் ஒன்று, 1980இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம். ஆஸ்பத்திரியில் இவ்வின மருந்து பெற்ற 11,882 பேருள் நால்வரே அதற்கு அடிமையாயினர் என்றது அக்கடிதம். அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டிலிருந்து மாதக்கணக்காகக் குளிகை உண்பவரைப் பற்றி அக்கடிதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனினும் 600க்கு மேற்பட்ட தடவை அது மேற்கோள் காட்டப்பட்டது. மூலத்தை வாசியாது மேற்கோளுக்கு மேற்கோள் காட்டும் பழக்கம் நம்மவர்க்கும் புதிதன்று.

1996இல் 4 கோடி 80 இலட்சம் டொலராக இருந்த விற்பனை, 2000இல் ஏறக்குறைய 110 கோடி டொலராயிற்று. 2007இல் பேர்டியூவின் சகோதர நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும், மருந்தைப் பற்றிப் பொய்யான விபரம் கூறி விற்ற குற்றத்தை நீதிமன்றில் ஒப்புக்கொண்டனர். 60 கோடி டொலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. சிறைக்குச் சென்றவர் எவருமிலர்.

மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள கெர்மிட் என்னும் ஊரில் அப்போது வசித்தோர் ஏறக்குறைய 400 பேர். அங்கிருந்த மருந்துக்கடையொன்றுக்கு இரண்டாண்டுகளில் வந்திறங்கிய, இதே இனத்து வேறொரு நோமருந்தின் குளிகைகள் ஏறக்குறைய 90 இலட்சம். சுற்றுவட்டாரத்தவரும் அங்கே வாங்கினர் என்று வைத்துக்கொண்டாலும், அனுப்பிய மொத்த வியாபாரிகளுக்கு எண்ணத் தெரியாது என்று நம்புவது கடினம்.

1999 முதல் 2019 வரை, ஹெரோயின் உட்பட இவ்வினப் பொருள்களின் மிகையளவால் அந்நாட்டில் மாண்டவர் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர்.

2010இல் எளிதில் நசுக்க இயலாதவாறு ஒக்சிகொண்டின் மாற்றி அமைக்கப்பட்டது. அதற்குள் அடிமைப்பட்டுவிட்டோரிற் பலர் விலைமலிந்த ஹெரோயினை நாடினர். அந்த ஹெரோயினும், ஜெர்மனியின் பேயர் கம்பனி 1898இல் இருமல் மருந்தென்று விளம்பரம் செய்து விற்ற சரக்குத்தான்.